பழைய ஏரிக்கரையில் ஈரம் தெரிந்தால் எதற்குப் பயப்பட வேண்டும்? (புழல், சோழவரம்)

காவாங்கரை வாசி:

வணக்கம். ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள, நீர்வளத்துறையில அனுமதி வாங்கி, அவங்க ஆட்களோடயே புழல் கரையை ஒரு தடவை முழுசா நடந்து பார்க்கலாம்னு எங்க பக்கத்து நலச்சங்கங்கள் முடிவு பண்ணியிருக்கோம். சோழவரம் பக்கத்திலிருந்தும் சிலர் வர்றாங்க. சும்மா போட்டோ எடுத்துட்டு வர்றதுல பிரயோஜனம் இல்லை. மண் கரைன்னா எதைப் பார்க்கணும்? வெளிச்சரிவுல ஈரம் இருந்தா அது கசிவா, சாதாரணமா? கரைமேல இருக்கிற மரம், எலி வளை இதெல்லாம் எவ்வளவு தூரம் ஆபத்து? பேப்பர்ல "21.20 அடியில் 19 அடி"ன்னு போடறாங்களே, அதை எப்படிப் புரிஞ்சுக்கறது? விஷயம் தெரிஞ்சவங்க விவரமா சொன்னா அதை அப்படியே ஒரு தாளாக்கி எல்லார் கையிலயும் கொடுத்துடுவேன்.

மண்கரை:

முதலில் ஒன்று. மண் கரை என்றால் கசிவு இருக்கத்தான் செய்யும். ஊறாத மண் கரை கிடையாது. பார்க்க வேண்டியது கசிவு இருக்கிறதா என்பதை அல்ல. கசிகிற தண்ணீர் கூடவே மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறதா என்பதை. தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது. உங்கள் தாளில் முதல் வரியாக இதைப் போடுங்கள்.

மண் வர ஆரம்பித்தால் கரைக்குள் ஒரு பொந்து, வெளிப்பக்கத்திலிருந்து ஏரிப்பக்கம் நோக்கிப் பின்னாலேயே வளர்ந்து போகும். வளர வளர தண்ணீர் போகும் தூரம் குறையும், வேகம் கூடும், இன்னும் மண் கரையும். அதனால்தான் பல வருடம் சும்மா கசிந்த இடம் கடைசியில் சில மணி நேரத்தில் முடிந்துபோகிறது. அமெரிக்காவில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. காலை 7 மணி வாக்கில் கலங்கின தண்ணீர் வருவதைப் பார்த்தார்கள், நண்பகலுக்குள் கரை இல்லை. அது முதல் தடவை நிரம்பிக்கொண்டிருந்த புது அணை, நம்முடையது தலைமுறை தலைமுறையாக நிரம்பி வடிந்த ஏரி, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கலங்கின தண்ணீரைக் கண்டபின் நம் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்பதற்கு அது போதும்.

கலங்கலா இல்லையா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்லாதீர்கள். லேபிள் கிழித்த ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எடுங்கள். ஒன்றில் கசிவுத் தண்ணீர், இன்னொன்றில் ஏரித் தண்ணீர். பிடிக்கும்போது தரையைக் கிளறாமல் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே கலக்கியதைத்தான் அளப்பீர்கள். ஒரு ராத்திரி ஆடாமல் வையுங்கள். மணலும் வண்டலில் பெரும்பகுதியும் அரை மணியில் படிந்துவிடும், களிமண் படிய நேரமாகும், அதனால்தான் ராத்திரி முழுக்க. காலையில் கசிவு பாட்டிலின் அடியில் படிவு இருந்தால் உடனே சொல்ல வேண்டிய விஷயம். ஆரஞ்சு நிறத்தில் சளி மாதிரி படர்ந்திருந்தால் பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் இரும்புச் சத்தில் வளரும் பாக்டீரியா. அதைக் கரை மண் என்று நினைத்துப் பதறுகிறவர்கள் நிறைய.

அடுத்தது, இது ஏரித் தண்ணீர்தானா? கரைக்கு இவ்வளவு ஒட்டி வீடுகள் வந்துவிட்ட நம் பகுதியில் பாதி ஈரம் குடிநீர்க் குழாய் உடைப்போ, செப்டிக் டேங்கோ, மழைநீரோதான். குளோரின் பார்க்கும் சின்னக் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். குளோரின் காட்டினால் அது சுத்திகரித்த குழாய்த் தண்ணீர். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரில் ஏரியை விட எக்கச்சக்கமாகக் காட்டினால் கழிவுநீராகவோ நிலத்தடி நீராகவோ இருக்கலாம். மூன்று நாளாவது மழையில்லாத இடைவெளியில் பாருங்கள்.

எந்த உயரத்தில் ஈரம் இருக்கிறது என்பதைக் கட்டாயம் குறியுங்கள். கரையின் அடிவாரத்தில் இருப்பதும், சரிவின் நடுவில் இருப்பதும் ஒன்றல்ல. ஊறல் மட்டம் கரைக்குள் சாய்வாக இறங்கி அடிவாரத்துக் கல் வடிகாலில் போய்ச் சேர வேண்டும். சரிவின் பாதியில் வெளியே வந்தால் அந்த வடிகால் அடைத்திருக்கிறது, அல்லது கரைக்குள் தண்ணீருக்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அங்கே மண் இளகிச் சரியும்.

கோடையில் மற்ற புல்லெல்லாம் காய்ந்திருக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் கோரை, சம்பு பச்சையாக நின்றால் அதுவும் அடையாளம்தான். அந்த இடங்களைச் சித்திரையிலேயே குறித்து வைத்தால் இப்போது தேட வேண்டியதில்லை.

அளவு: ஒழுகுகிறது என்றால் சின்ன வாய்க்காலாகச் சேர்த்து ஒரு பக்கெட்டில் பிடியுங்கள். 10 லிட்டர் பக்கெட் 20 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு அரை லிட்டர், நாளைக்கு 43,200 லிட்டர். நிரந்தரமாக அளக்க வேண்டுமென்றால் துறையே 90 டிகிரி வி-நாட்ச் தகடு (V வடிவில் வெட்டிய தகடு) வைக்கும். அதில் 5 சென்டிமீட்டர் உயரம் போனால் வினாடிக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர், 10 சென்டிமீட்டர் போனால் 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் அளவு ஐந்தரை மடங்கு, அதனால் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது.

ஒரு நாள் அளவை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே அன்றைய ஏரி மட்டத்தையும் எழுதுங்கள். மட்டம் ஏறினால் கசிவும் ஏறும், அது இயல்பு. போன வருடம் 19 அடியில் இருந்ததைவிட இந்த வருடம் அதே 19 அடியில் கூடுதலாக வந்தால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. திடீரென்று குறைந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம்; வடிகால் அடைத்துத் தண்ணீர் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம்.

மதகடி:

மண்கரை சொன்னதோட சேர்த்து மதகைப் பத்திச் சொல்லணும். பழைய மண் கரையில பலவீனமான இடம் எதுன்னு கேட்டா மதகு கரைக்குள்ள புகுந்து போற இடம்தான்.

புழலும் சோழவரமும் முதல்ல விவசாயத்துக்கான சின்ன ஏரிகள். 1870-களை ஒட்டி நகரக் குடிநீருக்காகப் பெரிசாக்கினாங்க. கொசஸ்தலையாத்துல தாமரைப்பாக்கம் அணைக்கட்டுல திருப்பின தண்ணி சோழவரம் வந்து, அங்கிருந்து புழல் வந்து, அப்புறம் கீழ்ப்பாக்கம் போச்சு. இப்படி பழைய கரைமேல புதுக் கரையை ஏத்தினா, அந்த ஒட்டு நல்லாக் கொத்தி, நனைச்சு, இடிச்சுச் சேர்த்திருந்தாத்தான் ஒரே கரை. இல்லைன்னா ரெண்டு மண்ணுக்கும் நடுவுல ஊறல் ஓடும். செங்கல், சுண்ணாம்புல கட்டின மதகுச் சுவரை ஒட்டி மண்ணை இடிக்கறதும் கஷ்டம். சுவர் ஓரத்துல கெட்டியாகாத மண் வழியாத் தண்ணி வழி தேடும்.

அதனால மதகுக்கு நேர் மேல கரையில நில்லுங்க. சின்னக் குழி, உள்வாங்கின இடம் இருக்கான்னு பாருங்க. மதகு செல்ற கோட்டுக்கு மேலயே பள்ளம் விழுந்தா, ரோடு போட்டதால அமுங்கிச்சுன்னு சொல்லி ஒரு லோடு மண்ணைக் கொட்டி மூடறதுதான் பெரிய தப்பு. மேல பள்ளம்னா கீழே மண் எங்கேயோ போயிருக்கு. ஷட்டர் முழுசா மூடின பிறகு வெளிவாயில தண்ணி வருதான்னு பாருங்க. ஷட்டர் நடுவுல இருந்து வந்தா ரப்பர் சீல் போயிருக்கு, மாத்திடலாம். சுவர் ஓரத்துல, கட்டடத்துக்கு வெளியிலருந்து வந்தா அது ஜே.இ-கிட்ட (இளநிலைப் பொறியாளர்) அன்னைக்கே எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயம்.

உபரி நீர் ஷட்டர்: மழைக்கு முன்னால முழு உயரத்துக்கு ஏத்தி இறக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்க. நாலு அங்குலம் தூக்கிக் காட்டினா அது சோதனை இல்லை. பாதி வழியில சிக்கறதுதான் வழக்கம், ஏன்னா ஷட்டரைத் தூக்கற ஸ்பிண்டில் திருகுல வெயில் படற மேல் பகுதியில கிரீஸ் காஞ்சு துரு ஏறியிருக்கும், பக்கவாட்டுக் காடியில சேறும் கிளையும் இறுகியிருக்கும். மோட்டார்ல ஒரு தடவை, கையால சுத்தி ஒரு தடவை. கையால ஏத்த எத்தனை சுத்து, எத்தனை நிமிஷம்னு சுவத்துல பெயிண்ட்ல எழுதியிருக்கணும். புயல் ராத்திரியில கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர்ல டீசல் இருக்கான்னு மட்டும் கேட்காதீங்க, ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

ஆந்திராவுல கடப்பா மாவட்டத்துல அன்னமய்யா அணையோட மண் கரை 2021 நவம்பர் 19 அன்னைக்கு அடிச்சுட்டுப் போச்சு. அஞ்சு ஷட்டர்ல ஒண்ணு அன்னைக்கு வேலை செய்யலை. வெள்ளம் பெரிய வெள்ளம்தான், மேல இருந்த பிஞ்சா அணையும் உடைஞ்சு வந்தது. ஆனா மண் கரைமேல தண்ணி வழிஞ்சா கரை தாங்காது. கான்கிரீட்னா கொஞ்ச நேரம் நிக்கும், மண் நிக்காது.

மரம்: சின்னச் செடியா இருக்கும்போதே வேரோட பிடுங்கி, குழியை அரை அடி அரை அடியா மண் போட்டு ஈரமா இடிச்சு மூடணும். பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை விட்டுடாதீங்க. வெட்டின மரத்தோட வேர் சில வருஷத்துல மக்கி, விரல் கனத்துல கரைக்குள்ள குழாயா மாறிடும். உயிரோட இருக்கிற வேரை விட மக்கின வேர்தான் மோசம். அதனால பெரிய மரத்தை ஏரி தண்ணி குறைஞ்ச காலத்துல துறையே வேர்ப்பந்தோட தோண்டி எடுத்து மண் நிரப்பணும். மழைக்கு முந்தின மாசத்துல நலச்சங்கம் கோடாலியோட போகக் கூடாது. மதகுச் சுவர்ல முளைச்ச அரச மரம், ஆல மரக் கன்னை எடுக்கறதை மட்டும் எந்த மாசத்துலயும் தள்ளிப்போடக் கூடாது.

பெருச்சாளி வளை, நண்டு வளை: வாயில ரெண்டு மண்வெட்டி மண்ணைப் போட்டு மிதிச்சா வளை உள்ளே அப்படியே இருக்கும். ஒன்பது பங்கு மண், ஒரு பங்கு சிமெண்ட், தண்ணி சேர்த்து மாவு பதத்துல கரைச்சு, வாயில ஒரு பிவிசி குழாயைச் செங்குத்தா நட்டு, அது வழியா ஊத்திக்கிட்டே இருக்கணும். மட்டம் இறங்கறது நிக்கற வரைக்கும் ஊத்தணும். இதையும் துறை ஆட்களை வச்சுச் செய்யறதுதான் சரி. நீங்க செய்ய வேண்டியது எத்தனை வளை, கரைமேல நட்டிருக்கிற எந்தக் கல் நம்பருக்குப் பக்கத்துலன்னு எண்ணிக் குறிக்கறது. ரெண்டு பக்கச் சரிவுலயும் ஒரே நேருக்கு வளை இருந்தா அதுக்கு முதல் இடம் கொடுங்க.

விரிசலும் அப்படித்தான். கரையோட நீளவாட்டுல போற விரிசல் வெயிலால வரலாம், சரிவு நழுவறதாலயும் வரலாம். குறுக்கே போற விரிசல் ஏரியிலருந்து வெளியே வர்றதுக்கு நேர் வழி. விரிசலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு கம்பி அடிச்சு, இடைவெளியை மில்லிமீட்டர்ல வாரம் ஒரு தடவை அளந்து தேதியோட எழுதுங்க.

கன அடி:

அடிக் கணக்குக்கு வருகிறேன். புழலின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. சோழவரத்துக்கு 1,081, பூண்டிக்கு 3,231, செம்பரம்பாக்கத்துக்கு 3,645. அந்த 21.20 அடி என்பது அளவுகோலின் பூஜ்யத்திலிருந்து. ஏரி முழுக்க 21 அடி ஆழம் என்று அர்த்தமில்லை. அதேபோல 19 அடி என்றால் "இன்னும் பத்து சதவீதம் இடம்" என்று கணக்குப் போடக் கூடாது. ஏரி சட்டி மாதிரி, மேலே போகப் போக அகலம். முழு மட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கு 200 மில்லியன் கன அடிக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். கீழே ஒரு அடிக்கு அவ்வளவு பிடிக்காது.

வரத்து 3,000 கன அடி, வெளியேற்றம் 1,000 கன அடி (இரண்டும் வினாடிக்கு) என்று செய்தியில் பார்த்தால், மிச்சம் 2,000. வினாடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி. ஆக 2,000-க்கு 172.8. மேல்மட்டத்தில் இருக்கும்போது ஒரு நாளில் முக்கால் அடிக்கு மேல் ஏறும். இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தால், உபரி எப்போது கூடும் என்று ஒரு நாள் முன்பே ஊகிக்கலாம்.

உபரி திறப்பு அறிவிப்பு வந்ததும் "கரை உடையப்போகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. நேர்மாறு. கரையைக் காப்பாற்றத்தான் திறக்கிறார்கள். முழு மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தி இடம் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதே நல்ல நிர்வாகம். ஆனால் அந்தத் தண்ணீர் போகிற வழியில் இருப்பவர்களுக்கு அது வேறு கதை: நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம், அப்புறம் எண்ணூர் பக்கம் கடல். 1,000 கன அடி என்றால் வினாடிக்கு 28,300 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் வினாடிக்கு இரண்டுக்கு மேல். பூண்டியிலும் திறந்து கொசஸ்தலையாறு நிரம்பி ஓடி, கடலில் ஏற்றமும் இருந்தால் இந்த உபரிக் கால்வாய் வடியாமல் எதிர்த்து நிற்கும். கரையை நடக்கிற அதே நாளில் கால்வாயையும் நடங்கள். ஒவ்வொரு பாலத்தடியிலும் ஆகாயத் தாமரை, கட்டட இடிபாடு எவ்வளவு என்று படம். என் கருத்தில் வடசென்னைக்கு ஒவ்வொரு வருடமும் வருகிற ஆபத்து இந்தக் கால்வாயில்தான் இருக்கிறது. கரை உடைவது அதைவிட மிக அரிது.

காவாங்கரை வாசி:

ரொம்ப நன்றி, இதுதான் வேணும்னு இருந்தேன். ஒரு சந்தேகம். கசிவு இருக்கிற இடத்துல சிமெண்ட் பூசிடலாம், இல்லைன்னா களிமண் மூட்டை போட்டு அடைச்சுடலாம்னு எங்க ஆட்கள்ல சிலர் சொல்றாங்க. ராத்திரியில கலங்கி வந்துட்டா துறை ஆட்கள் வர்ற வரைக்கும் நாங்க என்ன செய்யறது?

செங்குன்றம் சிவில்:

வெளிப்பக்கத்தில் அடைக்கவே கூடாது. சிமெண்ட்டும் வேண்டாம், களிமண்ணும் வேண்டாம், தார்ப்பாயும் வேண்டாம். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் பக்கத்தில் இன்னொரு இடத்தைக் கிழித்துக்கொண்டு வரும், அல்லது சரிவே ஒரு பாளமாக நழுவும். களிமண், தார்ப்பாய் எல்லாம் ஏரிப்பக்கத்தில் போட வேண்டியவை. வெளிப்பக்கத்தில் போட வேண்டியது மணலும் ஜல்லியும், தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிப்பதற்கு.

முதல் வேலை போன். பகுதிப் பொறியாளர், 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை), 1070 (மாநிலம்). இடத்தைக் கரைக் கல் எண்ணோடு சொல்லுங்கள். கீழ்ப்பக்க வீடுகளை எழுப்புவது அதோடு சேர்ந்து நடக்க வேண்டும். கீழே சொல்லும் வேலை பொறியாளர் சொல்லி, அவர் முன்னிலையில் செய்வது. ஆனால் பொருள் முன்கூட்டியே கரையோரத்தில் இருந்தால்தான் அவர் வந்ததும் வேலை ஓடும். சரிவு நழுவுகிற அறிகுறி, அதாவது பிளவு அகலமாவது, அடிவாரம் உப்புவது தெரிந்தால் யாரும் அதன் கீழே நிற்கக் கூடாது.

சரிவில் பரவலாகக் கலங்கிக் கசிந்தால் தலைகீழ் வடிகட்டி. முதலில் ஒரு அடி கனத்துக்குப் பெருமணல். அதன்மேல் 6 முதல் 12 மில்லிமீட்டர் சிப்ஸ் 20 சென்டிமீட்டர். அதன்மேல் 20 முதல் 40 மில்லிமீட்டர் ஜல்லி 20 சென்டிமீட்டர். பத்தடிக்குப் பத்தடி இடத்துக்கு மணல் ஒரு யூனிட் (100 கன அடி), சிப்ஸ் முக்கால் யூனிட், ஜல்லி முக்கால் யூனிட். வரிசை மாறக்கூடாது. அவசரத்தில் ஒன்றரை அங்குல ஜல்லியை நேராக மண்மேல் கொட்டிவிடுவார்கள். அந்த இடுக்கு வழியாகக் கரை மண் தாராளமாக வெளியேறும், மேலே பார்த்தால் சரிசெய்த மாதிரி தெரியும். எம்-சாண்ட் என்றால் கான்கிரீட்டுக்கானது, தூசி கழுவியது. பூச்சுக்கான பி-சாண்ட் வேண்டாம், ரொம்ப நைசு, அதுவே அடைத்துக்கொள்ளும்.

அடிவாரத்துத் தரையில் கொதிக்கிற மாதிரி மணல் குமிழி வந்தால் அதைச் சுற்றி மணல் மூட்டை வளையம். உள்விட்டம் ஐந்தடி. கீழ் இரண்டு அடுக்கு இரட்டை வரிசை, மேல் இரண்டு அடுக்கு ஒற்றை வரிசை, மொத்த உயரம் இரண்டடி வாக்கில். சேதாரம் சேர்த்து 80 மூட்டை. சிமெண்ட் சாக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் உருண்டை மாதிரி நின்று இடுக்கு விழும். சரியாக நிரப்பியது ஏறக்குறைய 35 கிலோ இருக்கும், ஒருவர் தூக்கலாம். செங்கல் வரிசை மாதிரி இணைப்பு மேல் இணைப்பு வராமல் அடுக்கி மிதியுங்கள்.

வளையத்துக்குள் தண்ணீர் ஏற ஏற எதிர் அழுத்தம் கூடி மண் வருவது குறையும். தண்ணீர் தெளிந்ததும் அந்த மட்டத்திலேயே ஒரு துண்டு பிவிசி குழாயை வைத்து வழியவிடுங்கள். தெளிந்த பிறகும் உயரத்தை ஏற்றிக்கொண்டே போய்த் தண்ணீரை முழுசாக நிறுத்தினால் பத்தடி தள்ளி இன்னொரு குமிழி கிளம்பும்.

மனு எழுதுபவர்:

நடந்து பார்த்ததை எழுத்தில் கொடுங்கள். அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021-இல் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகள் எல்லாம் வரும். 10 முதல் 15 மீட்டர் உயரமுள்ளவையும், நீளம் 500 மீட்டருக்குக் குறையாமலோ கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமலோ இருந்தால் வரும். உயரம் கணக்கிடுவது அஸ்திவாரத்தின் தாழ்ந்த பகுதியிலிருந்து. ரோட்டிலிருந்து பார்க்கிற உயரம் அல்ல. அப்படி வரும் அணைகளுக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, வெள்ளத்தின்போதும் அதற்குப் பிறகும் ஆய்வு, அவசரகாலச் செயல் திட்டம் இவையெல்லாம் அணை உரிமையாளரின் கடமை.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடும்போது "ஏரி பாதுகாப்பாக உள்ளதா?" என்று கேட்காதீர்கள், "உள்ளது" என்று ஒரு வரியில் பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: கடைசி இரண்டு வருடத்தின் மழைக்கு முந்தைய, பிந்தைய ஆய்வறிக்கை நகல், ஷட்டர் கடைசியாக முழுதாக இயக்கிய தேதியும் பதிவேட்டுப் பக்கமும், கசிவு அளவீட்டுப் பதிவு, அன்றைய ஏரி மட்டத்துடன், அவசரகாலச் செயல் திட்டமும் அதன் வெள்ளப் பரவல் வரைபடமும். ஏரி அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா என்பதையும் அதே மனுவில் ஒரு வரியாகக் கேட்டுவிடலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். மழைக்கு முன் பதில் வேண்டுமானால் ஆவணியிலேயே போட்டுவிடுங்கள்.

மண்கரை:

ஒன்று விட்டுப்போச்சு. உள்சரிவை மழைக்கு முன்னால் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஏரி வேகமாக இறங்கும் சமயத்தில், பங்குனி சித்திரையில், திரும்பப் போங்கள். நனைந்த மண்ணைத் தாங்கிப் பிடித்திருந்த தண்ணீர் சட்டென்று விலகும்போதுதான் உள்பக்கம் சரியும், பதித்த கல் உட்காரும். தண்ணீர் ஏறிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது.

காவாங்கரை வாசி:

சரிங்க. தாளைத் தட்டச்சு பண்ணி இங்கேயே போடறேன், அளவு ஏதாவது தப்பா எழுதியிருந்தா திருத்திக் கொடுங்க. முதல் மனு இந்த வாரமே போயிடும்.